கயாக்கில் கட்டிய கயிறு

அத்தியாயம் எட்டு

சிட்டிபாபுவுக்குத் தண்ணீர் என்றால் டம்ளரில் இருக்கவேண்டும். ஒரு வாளி என்றாலே அவனுக்குக் கொஞ்சம் யோசனைதான். அப்படிப்பட்ட பிரகஸ்பதியைக் கடலோர போலீஸ் ஸ்டேஷனின் கொல்லைப்புறத்துக்கு இழுத்துவந்து, நாலு நாளைக்கு முன்னால் ஓர் ஆளை முழுங்கிய படகுக்குள் தலையை விடு என்றாள் ஞானசௌந்தரி. சம்பளம் வாங்குகிறவன் என்ன செய்வான்? விட்டான்.

"உள்ளே என்ன தெரியுது சிட்டி?"

"இருட்டு தெரியுது மேடம். பக்கத்துல புடிச்சி வெச்ச சாராயக் கேன் வாசனை வேற. இன்னும் ரெண்டு நிமிஷம் வெச்சீங்கன்னா குத்தத்தை நானே ஒத்துப்பேன்."

படகு என்றால் நம்ம கட்டுமரம் மாதிரி இல்லை. கயாக் என்று பெயர். மஞ்சள் ஃபைபரில் பத்தடி நீளம், ஆள் படுத்தால் அகலம் சரியாக இருக்கும். நடுவில் ஒரு ஓட்டை. அதில் உட்கார்ந்து காலை உள்ளே நீட்டிக்கொண்டு, ரெண்டு பக்கமும் துடுப்பு போட்டுக் கடலுக்குள் போகவேண்டும். பாறை இருக்கிற இடம் வந்ததும் தண்ணீரில் இறங்கி, மூச்சைப் பிடித்து முங்கி, ஈட்டித் துப்பாக்கியால் மீனை அடிக்கவேண்டும். தொண்ணூற்று நாலாம் வருஷத்துச் சென்னையில் இப்படி மீன் பிடித்த ஆட்களை ஒரு கையில் எண்ணிவிடலாம். அதில் ஒரு விரல்தான் குப்புராஜ்.

நாவலூர் சுப்பராயலுவின் ஒரே மகன். மஸ்கட் துறைமுகத்தில் ஆறு வருஷம் முக்குளிக்கிற வேலை பார்த்துவிட்டுத் திரும்பினான். மற்றவர்கள் டேப் ரெக்கார்டர் கொண்டுவந்தார்கள், இவன் ஈட்டித் துப்பாக்கியும் முங்கிப் பார்க்கிற கண்ணாடியும் காலில் மாட்டுகிற ரப்பர் துடுப்பும் கொண்டுவந்தான். திருமுடிவாக்கத்தில் ஃபைபர் பட்டறை வைத்திருந்த சிநேகிதன் அப்துல் ரசாக் அவனுக்காக இந்தக் கயாக்கைச் செய்தான்.

போன வியாழக்கிழமை காலை, கானாத்தூர் கரையிலிருந்து கிளம்பினான் குப்புராஜ். கால்மணி நேரம் அலையோடு மல்லுக்கட்டியபிறகு, மூணாவது பெரிய அலை கயாக்கைப் புரட்டிப் போட்டது. இடுப்புக்கு மேலே தண்ணீருக்குள், கால் படகுக்குள். கால் மட்டும் வெளியே வரவேயில்லை. மீனவர்கள் நீந்திப் போய்க் காலில் சிக்கிய கயிற்றை அறுத்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அத்தனை வருஷம் கடலுக்கடியில் நடமாடியவன் கரையிலிருந்து நூறு கஜத்தில் போய்ச் சேர்ந்தான், பாவம்.

படகு செய்தவன் யார்? ரசாக். அதில் கொக்கி, கயிறெல்லாம் பொருத்தியவன் யார்? ரசாக். ரெண்டு வாரத்துக்கு முன்னால் டீக்கடையில் குப்புராஜோடு சத்தம் போட்டவன் யார்? அதுவும் ரசாக்தான். போதாதா? தூக்கி உள்ளே வைத்துவிட்டார்கள். நாளைக் காலையில் கொலைக் கேஸில் கோர்ட்டுக்கு.

ஞானசௌந்தரியிடம் வந்தவர் செத்தவனின் அப்பா. மேற்குத் தாம்பரத்தில் ஜெராக்ஸ் கடை மாடியில் இருக்கிற அவளுடைய துப்பறியும் ஆபீஸுக்கு வந்து, உட்காரக்கூட இல்லை. "அந்தப் பாய் தூக்குல தொங்கணும்மா. அதுக்கு சாட்சி தேடிக் குடு, போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"வெளியே வா" என்றாள் ஞானசௌந்தரி. சிட்டிபாபு தலையை உருவினான். அவள் படகின் உள்பக்கக் கொக்கிகளில் அறுபட்டுத் தொங்கிய கயிற்றைக் காட்டினாள். கட்டைவிரல் தடிமன் சணல் கயிறு. குறுக்கும் நெடுக்குமாக இழுத்து, ஒரு கேன்வாஸ் பையைப் படகின் முன்பக்கத்தோடு சேர்த்துக் கட்டியிருந்தது. முடிச்சை நகத்தால் கீறினாள். கல்.

"பையில் என்ன இருக்கு?"

கான்ஸ்டபிள் முணுமுணுத்துக்கொண்டே திறந்தார். ஈயக்கட்டி கோத்த பெல்ட், கண்ணாடி, ரப்பர் துடுப்பு. எல்லாவற்றுக்கும் அடியில், உறையோடு ஒரு கத்தி. ஞானசௌந்தரி அந்தக் கத்தியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சிட்டிபாபு படகின் வால்பக்கம் போனான். ஈட்டித் துப்பாக்கியும் அதே சணலில்தான் கட்டியிருந்தது. ஈட்டி முனை படகுக்கு வெளியே ஒன்றரை அடி நீட்டிக்கொண்டிருந்தது. அந்த முனையில் ஒரு சிவப்புத் துணி.

"இது எதுக்கு சார்?"

"மீனுக்குக் காட்டறதுக்கு" என்றார் கான்ஸ்டபிள், ரொம்பத் தெரிந்தவர் மாதிரி.

"சிவப்பு சிக்னலைப் பாத்தா சைதாப்பேட்டையில பஸ்ஸே நிக்க மாட்டேங்குது. மீனு நிக்குமா?"

ரசாக்கைப் பார்க்க அஞ்சு நிமிஷம் கொடுத்தார் இன்ஸ்பெக்டர். கம்பிக்குப் பின்னால் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான் ரசாக்.

"டீக்கடையில் எதுக்குச் சண்டை?"

"தனியா போவாதடான்னேன் மேடம். கரையில ஒரு ஆளாவது துணைக்கு நிக்கணும்னேன். கேக்கலை. கத்தினேன். அது கொலையா?"

"கத்தி எங்கே இருக்கும்?"

"சீட்டுக்கு முன்னாடி, கை எட்டற எடத்துல ரப்பர் பட்டையில மாட்டிக் குடுத்திருந்தேன். கவுந்தா மொதல்ல கை அதுக்குத்தான் போவணும்."

"பையோட அடியில் இருந்தது."

ரசாக் எழுந்துவிட்டான். "பைக்குள்ளயா? யாரு வெச்சா? நான் சாமானுக்குப் போட்டது நைலான் கயிறு மேடம், ஒரே இழுப்புல கழண்டுரும். எல்லாத்துக்கும் கிளிப்பு. சணலை நான் தொடவே மாட்டேன். தண்ணி குடிச்சா அது இறுகிப் போயிரும், அப்புறம் அந்தப் படைச்சவன் வந்தாத்தான் அவுக்கணும்."

"இதெல்லாம் வேற யாருக்குத் தெரியும்?"

"கேக்கறவங்க எல்லாருக்கும் சொல்லுவேன். இதுல இன்னா ரகசியம்? போன வாரம்கூட குப்பு தங்கச்சி வூட்டுக்காரர் வேதாசலம் பட்டறைக்கு வந்தாரு. எப்படிக் கட்டினா ஆபத்து, இன்னா பண்ணக்கூடாதுன்னு ஒரு மணி நேரம் கேட்டுக்கினு இருந்தாரு. மச்சான் மேல அவ்ளோ அக்கறை."

"நல்ல குடும்பம்" என்றான் சிட்டிபாபு. உண்மையாகவே நெகிழ்ந்துபோய்த்தான் சொன்னான்.

*

திருமுடிவாக்கம் பட்டறையில் ரசாக்கின் மனைவி ஜஹீரா தனியாக நின்று தண்ணீர்த் தொட்டிக்கு ஃபைபர் பூசிக்கொண்டிருந்தாள். வேலைக்காரர்கள் போலீஸுக்குப் பயந்து ரெண்டு நாளாக வரவில்லை. அழுது முடித்த முகம். ஆனால் கை நிற்கவில்லை.

"இதே அச்சுல இன்னொண்ணு கீதுக்கா" என்று ஒரு வெள்ளைக் கயாக்கைக் காட்டினாள். "சாமான் வைக்கறதே நான்தான் குப்பு அண்ணனுக்குச் சொல்லிக் குடுத்தேன். கனமானது அடியில, நடுவுல. ஈயப் பெல்ட்டை இடுப்புல கட்டிக்கினு துடுப்பு போடக்கூடாது, படகுல கிளிப்பு போட்டு வெக்கணும். துப்பாக்கியில ஈட்டியை ஏத்தி வெச்சிக்கினு படகுல ஏறவே கூடாது. எல்லாத்துக்கும் ஒரு கயிறு, ஒரு கிளிப்பு. கவுந்தா சாமான் தொங்கும், ஆளு வெளிய வந்துருவாரு."

"சணல் கயிறு இருக்கா?"

மூட்டை கட்ட வைத்திருந்த ஒரு சுருளை ஜஹீரா எடுத்துக் கொடுத்தாள். ஞானசௌந்தரி சிட்டிபாபுவைப் பார்த்தாள். அந்தப் பார்வை அவனுக்குப் பிடிக்கவில்லை.

"மேடம், வாணாம். எங்கம்மாவுக்கு நான் ஒரே புள்ளை. அதுவும் சுமாரான புள்ளை."

பேச்செல்லாம் எடுபடவில்லை. பட்டறையில் தொட்டி ஒழுகுகிறதா என்று சோதிக்க மார்பளவு தண்ணீரோடு ஒரு சிமெண்ட் தொட்டி இருந்தது. வெள்ளைக் கயாக்கை அதில் இறக்கி, முன்பக்கத்தில் ஒரு மண்மூட்டையை வைத்து, ஸ்டேஷனில் பார்த்தபடியே சணலைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டினாள் ஞானசௌந்தரி. சிட்டிபாபு காலை நீட்டினான். கயிற்றுக்கு அடியில் கால் தாராளமாகப் போனது.

"லூஸாத்தானே இருக்கு?"

"மாமியார் வூடு மாதிரி வசதியா இருக்கு மேடம்."

ஜஹீரா நாலு வாளித் தண்ணீரை உள்ளே ஊற்றினாள். ரெண்டு அலை அடித்தால் அவ்வளவு தண்ணீர் உள்ளே வரும் என்றாள். கால்மணி நேரம் ஊறவிட்டார்கள். சிட்டிபாபு ஜோக் அடித்துக்கொண்டிருந்தான். பிறகு மெல்ல நிறுத்தினான். முழங்காலுக்குக் கீழே ஏதோ இறுக்கிப் பிடித்தது. உருவிப் பார்த்தான், வரவில்லை.

"மேடம், இது..."

சொல்லி முடிப்பதற்குள் ஞானசௌந்தரி கயாக்கின் விளிம்பைப் பிடித்துப் புரட்டிவிட்டாள்.

அதன்பிறகு நடந்ததைச் சிட்டிபாபு யாரிடமும் சொன்னதில்லை. மூக்கிலும் வாயிலும் தண்ணீர். கை காற்றைத் தேடித் தரையில் மோதியது. காலை இழுக்க இழுக்கக் கயிறு எலும்பில் ஏறியது. கை சீட்டுக்கு முன்னால் எதையோ துழாவியது. அங்கே எதுவுமில்லை. அம்மா என்று கத்தினான், அது வெறும் குமிழாகப் போயிற்று. தான் சாகப்போகிறோம், இந்த நாலடித் தண்ணீரில், சிரிக்கிற மாதிரி சாகப்போகிறோம் என்று அவனுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

ஜஹீரா ஃபைபர் அறுக்கிற கத்தியோடு தொட்டிக்குள் குதித்து ரெண்டே இழுப்பில் கயிற்றை அறுத்தாள். தலை வெளியே வந்ததும் சிட்டிபாபு குழந்தை மாதிரி அழுதான்.

"இருபத்தஞ்சு எண்ணினேன்" என்றாள் ஞானசௌந்தரி. அவள் முகமும் வெளுத்துத்தான் இருந்தது. "குப்புராஜ் மூச்சடக்கத் தெரிஞ்சவன். மூணு நிமிஷமாவது உயிரோட இருந்திருப்பான். அந்த மூணு நிமிஷமும் கத்தியைத் தேடியிருக்கான்."

ஜஹீரா தண்ணீருக்குள்ளேயே நின்று முகத்தைப் பொத்திக்கொண்டாள். "அவங்க இப்படிக் கட்ட மாட்டாங்கக்கா. அந்தக் கண்ட்ராவியை அவங்க கட்டவே மாட்டாங்க. நாளைக்குக் கோர்ட்டுக்கு இட்டுனு போனா அப்புறம் யாரு கேப்பாங்க?"

"நாளைக்குப் போகமாட்டார்" என்றாள் ஞானசௌந்தரி. எதை நம்பிச் சொன்னாளோ.

*

மேடவாக்கம் ரோட்டில் எம்-எய்ட்டியை ஓட்டிக்கொண்டிருந்த சிட்டிபாபுவுக்கு இன்னும் காது அடைத்திருந்தது. சட்டை பாதி ஈரம். பின்னால் உட்கார்ந்திருந்தவளோடு பேசுவதில்லை என்று முடிவு செய்திருந்தான். அந்தக் கோபத்தில்தான் முன்னால் போன லாரி பிரேக் போட்டதைக் கவனிக்கவில்லை. கடைசி நொடியில் திருப்பினான். லாரியில் ஏற்றியிருந்த இரும்புக் கம்பிகள் அவன் கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றன.

"டேய் சோமாறி! வூட்ல சொல்லிக்கினு வந்தியா?" என்றார் டிரைவர்.

"சொல்லலைண்ணா! இன்னிக்கு ரெண்டாவது தடவை, இனிமே சொல்லிட்டே வரேன்!"

"சிட்டி" என்றாள் ஞானசௌந்தரி. "நீ எதைப் பார்த்துத் திரும்பினே?"

"கம்பியை எங்க பாத்தேன்? அதுல தொங்கற சிவப்புத் துணியைத்தான்..."

வாயைத் திறந்தபடியே நிறுத்தினான். கம்பிகளின் முனையில் சிவப்புத் துணி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. லாரிக்கு வெளியே சாமான் நீட்டிக்கொண்டிருந்தால் பின்னால் வருகிறவனுக்குத் தெரிய வேண்டும் என்று கட்டுகிறார்களே, அந்தத் துணி.

"கடலில் பின்னால் வருகிறவன் யாரு?" என்றாள் அவள். "மீன்காரன் கட்டமாட்டான். ரசாக் கட்டமாட்டான். இதைக் கட்டின கைக்குக் கடல் தெரியாது. ரோடு மட்டும்தான் தெரியும்."

சிட்டிபாபுவுக்கு உடம்பில் மிச்சமிருந்த ஈரமும் ஜில்லிட்டது. சுப்பராயலு மூணு லாரிக்குச் சொந்தக்காரர். அதற்கு முன்னால் முப்பது வருஷம் லாரி ஷெட்டில் பாரம் கட்டினவர்.

"மேடம், திரும்பிடலாம். அந்தப் பெரியவருக்குப் புள்ளை போனதே போதும்."

"ரசாக்?"

சிட்டிபாபு வண்டியைக் கிளப்பினான்.

*

நாவலூரில் சுப்பராயலு வீட்டு வாசலில் ஒரு அம்பாசிடரும், இடம் பார்க்க வந்த புரோக்கர் ஒருவரும் நின்றிருந்தார்கள். எதிரே வயலில் புதுசாக நட்ட சர்வே கல். மருமகன் வேதாசலம் புரோக்கரை அனுப்பிவிட்டு, சிரித்த முகமாக வந்து இவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டான். உள்ளேயிருந்து அவன் மனைவி சாமுண்டீஸ்வரி ஏழு மாத வயிற்றைத் தாங்கிக்கொண்டு எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். அண்ணனுக்காக அழுது கண் வீங்கியிருந்தது.

"சாட்சி கெடைச்சிதா?" என்றார் சுப்பராயலு.

"முதல்ல ஒரு விஷயம் சொல்லுங்கய்யா. லாரிக்கு வெளியே சாமான் நீட்டிட்டிருந்தா என்ன பண்ணுவீங்க?"

"சேப்புத் துணி கட்டணும். பின்னாடி வர்றவன் குத்திக்கக் கூடாதில்ல?"

"குப்புராஜ் படகிலும் கட்டியிருந்தது."

"ஆமா, நான்தான் கட்டினேன்" என்றார் சுப்பராயலு. கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. அந்தச் சோகத்திலும் ஒரு சின்னச் சிரிப்பு வந்தது. "பழக்கம்மா. கை தானா கட்டிடுச்சி. அவன்கூட சிரிச்சான். கடல்ல எவன்பா பின்னாடி வரான்னான்."

சிட்டிபாபு தரையைப் பார்த்தான்.

"சாமானெல்லாம் நீங்களே கட்டினீங்களா?"

"புதன்கெழம சாயந்திரம். அதுக்கு முந்தின வாரம் கடல்ல ஏதோ சாமான் கழண்டு போச்சாம். மாப்ளேதான் சொன்னாரு, மாமா, நீங்க ஒரு வாட்டி கட்டிக் குடுங்க, உங்க கட்டு அவுராதுன்னு. நான் கட்டின பாரம் பெங்களூரு போனாலும் ஒரு மூட்டை அசையாது. பாய் போட்ட நைலானெல்லாம் வழவழன்னு இருந்துச்சி. மாப்ளே ஷெட்டுலேருந்து சணலு கொண்டாந்தாரு. அதான் நிக்கும்."

"கத்தி?"

"அது வெளிய சும்மா மாட்டிக்கினு இருந்துச்சி. விழுந்துடும்னு மாப்ளே கழட்டிக் குடுத்தாரு, நான் பையில அடியில வெச்சிக் கட்டினேன். குப்பு பாத்துட்டு, இன்னாப்பா லாரி லோடு மாதிரி கட்டிக்கீறேன்னான். பிரிச்சிடவாடான்னு கேட்டேன். வாணாம்பா, நீ ஆசையா கட்டினது, இருக்கட்டும், அலையைத் தாண்டினப்புறம் அவுத்துக்கறேன்னான்." அவர் எதிரே வயலைப் பார்த்தார். "தங்கமான புள்ளைம்மா. நெலத்தை மட்டும் விக்கவே கூடாதுன்னு ஒத்தக்கால்ல நின்னான். மத்தபடி என் பேச்சைத் தட்டினதேயில்ல."

வேதாசலம் மோர் டம்ளர்களோடு வாசலில் நின்றிருந்தான். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. சிட்டிபாபுவுக்கு அவன் கழுத்தைப் பிடிக்கவேண்டும்போல் இருந்தது. எப்படிக் கட்டினால் ஆபத்து, என்ன செய்யக்கூடாது. ஒரு மணி நேரம் பட்டறையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு வந்து, கேட்டதை ஒன்று விடாமல் மாமனாரின் கையாலேயே செய்ய வைத்திருக்கிறான், படுபாவி.

"நான் எதையும் கட்டலை மேடம்" என்றான் வேதாசலம் நிதானமாக. "கேட்டாங்கன்னா எடுத்துக் குடுத்தேன். அவ்ளோதான். எந்தக் கோர்ட்ல வேணா கேளுங்க."

"கோர்ட்டுல என்னாத்துக்குக் கேக்கணும்? கட்டினதுல இன்னா தப்பு?" என்றார் சுப்பராயலு. ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

ஞானசௌந்தரி அவருக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். ஈரமான சணல் என்ன செய்யும் என்று சொன்னாள். கால் எங்கே சிக்கியது, கத்தி எங்கே இருந்தது என்று சொன்னாள். எதையும் மழுப்பவில்லை. மூணு நிமிஷத்தை மட்டும் சொல்லவில்லை, அந்த மட்டில் அவளுக்கும் மனசு இருந்தது.

"உங்க கட்டு அவிழலைய்யா. அதனாலதான் அவன் வெளியே வரலை."

சுப்பராயலு கத்துவார், மார்பில் அடித்துக்கொள்வார் என்று சிட்டிபாபு எதிர்பார்த்தான். அவர் மருமகனை நிமிர்ந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அவர் ஒன்றும் விவரம் கெட்டவர் இல்லை. முப்பது வருஷம் லாரி ஷெட்டில் எத்தனை திருடனைப் பார்த்தவர். வேதாசலம்தான் கண்ணை எடுத்தான்.

"பாயை எப்போ கோர்ட்டுக்கு இட்டுனு போறாங்க?"

"நாளைக் காலையில."

"வாணாம். அவன் பொண்டாட்டிகிட்ட போவட்டும். கட்டினது நான்னு எழுதிக்கோ. கையெழுத்து போடறேன்."

"யார் சொல்லிக் கட்டினீங்க, யார் கத்தியைக் கழட்டினாங்கன்னும் எழுதணும்."

"அது வாணாம்."

"ஐயா!" சிட்டிபாபு எழுந்தேவிட்டான். "திட்டம் போட்டு உங்க புள்ளையக் கொன்னவன் இதோ நிக்கறான்!"

"நிக்கறான். தெரியுது." சுப்பராயலு குரலைத் தாழ்த்தினார். உள்ளே சாமுண்டீஸ்வரி பாத்திரம் எடுத்து வைக்கிற சத்தம் கேட்டது. "அவளுக்கு இன்னும் ரெண்டு மாசம் கீது. புள்ளைய என் கையால கட்டி அனுப்பிட்டேன். பொண்ணு தாலியையும் என் கையாலயே அறுக்கணுமா? சொல்லும்மா, அறுக்கணுமா?"

ஞானசௌந்தரிக்கு எத்தனையோ கேஸ் தெரியும், எத்தனையோ சட்டம் தெரியும். "இவனோட ஒரே வீட்டுல எப்படி இருப்பீங்க?" என்று மட்டும்தான் கேட்க முடிந்தது.

"எனக்கு வேற யாரு கீறா? நாளைக்கி நான் செத்தா இவன்தான் கொள்ளி வெக்கணும்."

அவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். பட்டன் துவாரம் பிடிபடவில்லை, ரெண்டு தடவை தவறவிட்டார். வேதாசலம் அதற்குள் அம்பாசிடரை வாசலுக்கே கொண்டுவந்து நிறுத்தி, பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டான்.

"ஸ்டேஷனுக்கு நானே இட்டுனு போறேன் மாமா. படி கீது, பாத்து எறங்குங்க."

சுப்பராயலு ஒரு கணம் நின்றார். பிறகு அவன் தோளைப் பிடித்துக்கொண்டு வண்டியில் ஏறினார்.